மணல், வரி, ஜார் ஜார்: ‘ஸ்டார் வார்ஸ்’ முன்கதைப் படங்களுக்காக வாதாடுவது எப்படி

1999, 2002, 2005 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த மூன்று ‘ஸ்டார் வார்ஸ்’ படங்கள் என் மனத்துக்கு மிக நெருக்கமானவை. டார்த் வேடர் என்னும் கொடியவன் ஒரு காலத்தில் அனகின் என்ற சிறுவனாக இருந்தான். அவன் வளர்ந்த குடியரசு யாரும் படையெடுக்காமலே பேரரசாக மாறியது. இந்த இரண்டு வீழ்ச்சிகளையும் ஒன்றோடொன்று பின்னிச் சொல்பவை அந்தப் படங்கள். அவை பிடிக்கும் என்று வாய் திறந்து சொன்னால் போதும், எதிரில் இருப்பவர், முதல் படத்தில் கோமாளியாக வரும் வேற்றுக்கிரகவாசி ஜார் ஜாரை இழுத்துவிடுவார். என் அக்கா மகன் தேசிய சேவையிலிருந்து வார இறுதியில் வீட்டுக்கு வந்தால், ஈசூனில் எங்கள் புளோக்கின் கீழே இருக்கும் காப்பிக்கடையில் பரோட்டா வருவதற்குள் வழக்குத் தொடங்கிவிடும். “சித்தி, கப்பல் கம்பெனியில் இத்தனை வருடம் வேலை பார்க்கிறீர்கள், விவரம் தெரிந்தவர். இந்தப் படங்களில் அப்படி என்னதான் கண்டீர்கள்?” என்பான்.

அவனோடும் அவன் நண்பர்களோடும் பேசிப் பேசி எனக்கென்று ஒரு முறை உருவாகியிருக்கிறது. இந்தப் படங்களை நேசித்துக்கொண்டு வாயடைத்து உட்கார்ந்திருக்கும் மற்றவர்களுக்காக அதை எழுதுகிறேன்.

தொடங்கும்போதே, காப்பாற்றக் கூடாததைக் கைவிட்டுவிடுங்கள். வர்த்தகக் கூட்டமைப்புத் தலைவர்களின் ஆசிய சாயல் கொண்ட பேச்சு, பழைய சாமான் வியாபாரி வாட்டோவின் மூக்கும் குரலும், ஜார் ஜாரின் உடைந்த பேச்சு ஆகியவை இனக் கேலிச் சித்திரங்களை நினைவூட்டுகின்றன என்று வெளியான நாளிலிருந்தே பலர் சொல்லிவருகிறார்கள். அவர்கள் சொல்வது சரி. நம் உச்சரிப்பையும் தலையாட்டலையும் சிரிப்புப் பொருளாக்கிய நிகழ்ச்சிகளைப் பார்த்து மனம் வெந்தவர்கள் நாம். இன்னொருவருக்கு அதே வலி வரும்போது ‘வெறும் வேற்றுக்கிரக உயிர்தானே’ என்று தட்டிக்கழிக்க நமக்கு வாய் வரக் கூடாது. முதல் படத்தில் அரசியாக வந்து, பின்னர் அனகினை மணக்கும் பத்மேயின் மரணத்தையும் நான் காப்பாற்ற மாட்டேன். முதல் படத்தில் அரியணையை மீட்கத் துப்பாக்கி ஏந்திச் சுவரேறியவள், இரட்டைக் குழந்தைகளைப் பெறவிருக்கும் வேளையில் ‘வாழும் விருப்பத்தை இழந்தாள்’ என்று ஒரு மருத்துவ இயந்திரன் அறிவிப்பது அவளுக்கு இழைத்த அநீதி. இவற்றை நீங்களே முதலில் சொல்லிவிட்டால், அடுத்துச் சொல்வதை எதிரில் இருப்பவர் காதுகொடுத்துக் கேட்பார்.

இனி வரிக்கு வருவோம். ‘குழந்தைகள் பார்க்கும் படம் வரித் தகராறில் தொடங்கலாமா?’ என்பதுதான் முதல் படத்தின் மீது அடிக்கடி வைக்கப்படும் குற்றச்சாட்டு. திரையில் மேலேறும் மஞ்சள் எழுத்துகள், வெளிமண்டலங்களுக்குச் செல்லும் வர்த்தகப் பாதைகளின் மீதான வரியால் எழுந்த தகராறைச் சொல்கின்றன. வர்த்தகக் கூட்டமைப்பு அதை எதிர்த்து நபூ என்னும் சிறிய கிரகத்தைப் போர்க்கப்பல்களால் சூழ்ந்துகொண்டு, சரக்கு எதுவும் போகவிடாமல் தடுக்கிறது.

சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு இதைச் சலிப்பூட்டும் தொடக்கம் என்று ஒருவர் சொன்னால், அவருடைய தட்டில் இருப்பது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். இந்தத் தீவின் உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி. 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் ஒரே ஒரு கப்பல் ஆறு நாள் குறுக்கே மாட்டிக்கொண்டது. அடுத்து வந்த வாரங்களில் எங்கள் அலுவலகத்தில் தொலைபேசி ஓயவில்லை. செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டு, 2024 முழுவதும் அவை நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு வந்தபோது, எந்தச் சரக்கு என்றைக்கு வரும் என்று எங்களால் வாடிக்கையாளருக்கு உறுதி சொல்ல முடியவில்லை. கப்பல் நின்றால் ஊர் நிற்கும் என்பதை அறிந்தவர்களுக்கு நபூவைச் சூழ்ந்த அந்தக் கப்பல் வளையம் அச்சமூட்டும் காட்சி. சின்ன இடம், சொந்தப் படை என்று சொல்லிக்கொள்ள அதிகமில்லை, தலைநகரத்து அவை வெகுதொலைவில். அந்த அரசி எதற்காக அப்படிப் பதறுகிறாள் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அடுத்ததாக, அந்தக் கூட்டமைப்பு என்ன வகையான அமைப்பு என்று காட்டுங்கள். அது ஒரு வணிக நிறுவனம். அதற்குச் சொந்தமாக இயந்திரப் படை இருக்கிறது. குடியரசின் செனட் அவையில் அதற்கென்று ஓர் இருக்கையும் இருக்கிறது. படை வைத்திருக்கும் வணிகக் கம்பெனியைத் தமிழர்களுக்கு யார் அறிமுகப்படுத்த வேண்டும்? கட்டபொம்மனிடம் கப்பம் கேட்டு, 1799இல் கயத்தாற்றில் அவரைத் தூக்கிலிட்டது ஒரு கம்பெனி. இருபது ஆண்டுகள் கழித்து, 1819இல், அதே கம்பெனியின் அதிகாரி ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் வந்து இறங்கினார். அவர் இரண்டாம் முறை வந்த கப்பலில்தான் பினாங்கிலிருந்து நாராயண பிள்ளையும் வந்தார். கணக்குப் புத்தகமும் பீரங்கியும் ஒரே கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதுதான் நம்மை இங்கே கொண்டுவந்து சேர்த்த வரலாறு. அந்த வரலாற்றோடு இந்தப் படத்தைப் பார்ப்பவர், செனட் காட்சியில் கொட்டாவி விட மாட்டார். பத்மே தன் மக்கள் சாகிறார்கள் என்று முறையிடுகிறாள். கூட்டமைப்பின் பிரதிநிதி எழுந்து, ஆதாரமில்லை, விசாரணைக் குழுவை அனுப்புங்கள் என்கிறான். அவையின் தலைவர் அதிகாரிகளின் காதோரப் பேச்சைக் கேட்டுத் தளர்கிறார். அந்த ஒரு தளர்வில்தான் பால்படீன் என்னும் சாதுவான செனட்டர் மேலேறி வருகிறார். வரித் தகராறை நீக்கினால், பேரரசர் எப்படி ஆட்சிக்கு வந்தார் என்ற கதையே இருக்காது.

வாதத்தை இங்கேயே தொடங்குங்கள் என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. மற்ற குற்றச்சாட்டுகள் ரசனை சார்ந்தவை. இது புரிதல் சார்ந்தது. புரிய வைத்துவிட்டால் மற்றவற்றுக்கும் வழி திறக்கும்.

மிடிக்குளோரியன்களைப் பற்றிப் பேசுவது இதைவிடக் கடினம், ஏனென்றால் எதிர்ப்பவர்களின் வருத்தம் உண்மையானது. 1977இல் வந்த முதல் படத்தில் ஃபோர்ஸ் என்பது எல்லா உயிர்களையும் பிணைக்கும் ஆற்றல், ஏறக்குறைய ஒரு வழிபாட்டுப் பொருள். இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, அதை இரத்தப் பரிசோதனையில் எண்ணிச் சொல்லலாம் என்றால் யாருக்கும் மனம் சுருங்கும். முதலில், படம் உண்மையில் என்ன சொல்கிறது என்பதை எடுத்துக்காட்டுங்கள். மிடிக்குளோரியன்கள் ஃபோர்ஸை உண்டாக்குவதில்லை. அவை உயிரணுக்களுக்குள் வாழும் நுண்ணுயிர்கள். ஃபோர்ஸின் விருப்பத்தை நமக்குக் கேட்கச் செய்பவை. மனத்தை அமைதிப்படுத்தினால் அவை பேசுவது கேட்கும் என்று குவை-கான் என்னும் ஜெடாய், அதாவது ஃபோர்ஸைப் பயின்ற குடியரசின் காவல் வீரர், சிறுவன் அனகினிடம் சொல்கிறார். ஆற்றலின் மர்மம் அங்கே அப்படியே இருக்கிறது.

அதோடு நிறுத்திவிடாமல், அந்த எண்ணிக்கை கதையில் யாருடைய கையில் இருக்கிறது என்று கேளுங்கள். ஜெடாய்களின் கையில். குடியரசில் பிறந்திருந்தால் இவனைச் சிறுவயதிலேயே கண்டுபிடித்திருப்போம் என்கிறார் குவை-கான். அனகினின் எண்ணிக்கை இருபதாயிரத்துக்கு மேல். ஜெடாய்களின் மூத்த ஆசான் யோடாவுக்கே அவ்வளவு இல்லை. அவனுக்கு அப்போது ஒன்பது வயது. தொடக்கநிலை மூன்றில் ஒன்பது வயதுப் பிள்ளைகளைத் தேர்வு எழுதவைத்து மேதைகளைப் பிரித்தெடுத்த ஊரில் நான் வளர்ந்தேன். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் மதிப்பெண் வந்த நாளில் எத்தனை வீடுகளில் விளக்கு எரியவில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஓர் எண் பிள்ளையின் திறனைச் சொல்லும். அந்தப் பிள்ளை இரவில் எதை நினைத்து அழுகிறது என்று சொல்லாது. அனகின் தன் தாயை இழந்துவிடுவோமோ என்று அஞ்சுவது ஜெடாய் மன்றத்துக்குத் தெரிகிறது. அந்த அச்சத்துக்கு அவர்களிடம் எச்சரிக்கை இருக்கிறது, மருந்து இல்லை. அடிமையாக இருக்கும் அந்தத் தாய் ஷ்மியை மீட்டுவரப் பத்து ஆண்டுகளாக ஒரு ஜெடாயும் போகவில்லை. கடைசியில் அவளை விலைகொடுத்து விடுவித்து மணந்தவர், டாட்டூயீன் என்னும் பாலைவனக் கிரகத்தில் ஈரப்பதம் அறுவடை செய்து பிழைக்கும் ஒரு சாதாரண விவசாயி. ஜெடாய்கள் விறைப்பானவர்கள், ஈரமற்றவர்கள் என்று குறை சொல்பவர்களுக்கும் இதுவே பதில். ஆம், அப்படித்தான் இருக்கிறார்கள், அதனால்தான் அழிகிறார்கள்.

மணலைப் பற்றிய வசனத்துக்கு ஐந்திணையைத் துணைக்கு அழையுங்கள். இரண்டாம் படத்தில், ஏரிக்கரை மாளிகையில், தனக்கு மணல் பிடிக்காது என்கிறான் அனகின். சொரசொரப்பானது, உறுத்துவது, எல்லா இடத்திலும் புகுந்துகொள்வது. இங்கே எல்லாம் மென்மையாக இருக்கிறது என்று பத்மேயின் கையைத் தொடுகிறான். உலகமே இதைக் கிண்டல் செய்தது. காதலை நேரே சொல்லாமல் நிலத்தின் வழியாகச் சொல்வது நமக்கு இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம். பாலைக்குரிய உரிப்பொருள் பிரிவு. அனகினுக்கு மணல் என்பது அடிமைத்தனத்தின் நிலம், தாயை விட்டுவந்த நிலம்; அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். நீர் நிறைந்த நிலத்தில் நின்றுகொண்டு பாலையைப் பற்றிப் பேசும் ஒருவன் எதைப் பற்றிப் பேசுகிறான் என்பது அகப்பாடல் படித்தவருக்குத் தெரியாதா? அதே படத்தில் அவன் அந்த மணலுக்குத் திரும்புகிறான்; தாய் அவன் மடியில் உயிர் விடுகிறாள்; அந்த இரவில் ஒரு குடியிருப்பில் இருந்த குழந்தைகள் வரை கொன்றுவிட்டு வருகிறான். முதலில் சொன்ன வெறுப்பு விதை, இது விளைச்சல்.

அவன் பேச்சு திக்கித் திணறுகிறதே என்பார்கள். திணறத்தான் வேண்டும். ஒன்பது வயது வரை அடிமை, அதன்பின் பத்து ஆண்டுகள் பற்றே கூடாது என்று கற்பிக்கும் மடம். காதல் பேச அவனுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? இந்தப் படங்களை இயக்கிய ஜார்ஜ் லூகாஸின் வசனம் பொதுவாகவே விறைப்பானது என்பதையும் மறைக்காதீர்கள். 1930களின் வாராந்தரத் தொடர்ப்படங்களைப் பார்த்து வளர்ந்தவர் அவர். ‘ஃபிளாஷ் கார்டன்’ உரிமை கிடைக்காமல் போனதால்தான் சொந்தமாக ஒரு விண்வெளிக் கதையை உருவாக்கினார். அந்தத் தொடர்ப்படங்களின் நிமிர்ந்த, அறிவிப்புப் போன்ற பேச்சு அவர் படங்களில் தங்கிவிட்டது. சில இடங்களில், குறிப்பாகக் கணப்படுப்பின் முன் நடக்கும் காட்சியில், அது காலை வாரிவிடுகிறது. மணல் காட்சியில் வாரவில்லை.

‘எல்லாம் கணினி’ என்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. முதல் படத்தின் பந்தய அரங்கில் உட்கார்ந்திருக்கும் பெருங்கூட்டத்துக்குச் சாயம் பூசிய பஞ்சுக் குச்சிகளைப் பயன்படுத்தினார்கள். நபூ அரண்மனை இத்தாலியின் கசெர்த்தா அரண்மனை, ஏரி மாளிகை கோமோ ஏரிக்கரையில் இருக்கிறது, பாலைநிலம் துனீசியா. மூன்றாம் படத்தின் எரிமலைக் கோளில் எட்னா எரிமலையின் உண்மையான குழம்பு கலந்திருக்கிறது.

இங்கே இன்னொரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். லூகாஸ்ஃபிலிம் 2005இல் சிங்கப்பூரில் கிளை தொடங்கியது. இரண்டாம், மூன்றாம் படங்களுக்கு நடுவில் நடக்கும் கதையைச் சொல்லும் ‘குளோன் வார்ஸ்’ அசைவூட்டத் தொடரின் பணிகளில் ஒரு பங்கு இங்கே நடந்தது. ஒன்-நார்த்தில் அவர்கள் எழுப்பிய சாண்ட்கிராலர் கட்டடம், அனகின் வெறுத்த அதே மணலில் ஊர்ந்துசெல்லும் வண்டியின் வடிவில் இன்றும் நிற்கிறது. அந்தப் பிரிவு மூடப்படும் என்ற செய்தி 2023இல் வந்தபோது என் மனம் கனத்தது. தொடரும் அருமையானது, அனகினை நல்ல தளபதியாக, நல்ல ஆசிரியனாகப் பார்க்க அது நமக்குப் போதிய நேரம் தருகிறது. இருந்தாலும் ‘ஏழு பருவங்களையும் பாருங்கள், படம் புரியும்’ என்று வாதாடாதீர்கள். 133 பகுதிகளை வீட்டுப்பாடமாகக் கொடுத்தால்தான் ஒரு படம் நிற்கும் என்றால், அது நிற்கவில்லை என்று ஒப்புக்கொள்வதாகிவிடும். படத்தைப் படத்தைக் கொண்டே காப்பாற்றுங்கள்.

ஜார் ஜாருக்கு வருகிறேன். அவனுடைய பேச்சைப் பற்றி ஏற்கெனவே விட்டுக்கொடுத்துவிட்டீர்கள். இப்போது கதையில் அவனுடைய வேலையைப் பற்றிப் பேசுங்கள். நபூவில் இரண்டு இனங்கள் வாழ்கின்றன. மேலே மனிதர்கள், நீருக்கடியில் குங்கன்கள். ஒருவரையொருவர் மதிப்பதில்லை. சொந்த இனத்தவராலேயே துரத்தப்பட்ட ஜார் ஜார்தான் இருவருக்கும் நடுவில் நிற்கும் ஒரே ஆள். அவன் வழியாகத்தான் அரசி குங்கன் தலைவனைச் சந்தித்து, எல்லார் முன்னிலையிலும் மண்டியிட்டு உதவி கேட்கிறாள். நான்கு மொழிகளில் அறிவிப்புப் பலகை எழுதிவைத்து ஒன்றாக வாழக் கற்றுக்கொண்ட ஊரில் இருந்து பார்க்கிறேன். பெரும்பான்மை சிறுபான்மையின் முன் மண்டியிடும் அந்தக் காட்சி என்னை ஒவ்வொரு முறையும் உலுக்குகிறது. எதிரில் இருப்பவருக்கு அந்தக் காட்சியைக் கைப்பேசியில் போட்டுக் காட்டுங்கள். பலருக்கு அப்படி ஒன்று இருந்ததே நினைவில் இருக்காது.

அடுத்த படத்தில் பத்மே ஊரில் இல்லாதபோது அவளுக்குப் பதிலாக அவையில் எழுந்து, பால்படீனுக்கு அவசரகால அதிகாரம் கொடுக்கத் தீர்மானம் கொண்டுவருபவனும் இதே ஜார் ஜார்தான். நாட்டுப்பற்றோடு, நல்லெண்ணத்தோடு செய்கிறான். சூழ்ச்சிக்காரனுக்கு வேண்டியிருந்தது ஒரு நல்லவனின் கை, அது கிடைத்தது. சர்வாதிகாரம் கெட்டவர்களின் வாக்கால் மட்டும் வருவதில்லை என்பதைச் சொல்ல, பார்ப்பவர் அனைவரும் வெகுளி என்று அறிந்த ஒருவனைத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவு.

அந்த வேடத்தில் நடித்த அகமது பெஸ்டைப் பற்றியும் பேசத் தவறாதீர்கள். ‘ஸ்டாம்ப்’ மேடை நிகழ்ச்சியில் உடலையே தாளக் கருவியாக்கிய கலைஞர் அவர். கணினியில் உருவான ஒரு முக்கியப் பாத்திரத்துக்கு முழுப்படம் நெடுக உடலும் குரலும் கொடுத்த முன்னோடிகளில் ஒருவர். அவர் மீது கொட்டப்பட்ட வசையால் உயிரை மாய்த்துக்கொள்ளும் விளிம்புவரை போனதாக 2018இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். 2023இல் ‘மாண்டலோரியன்’ தொடரில் ஒரு ஜெடாயாகத் திரும்பி வந்து, ஒரு குழந்தையைக் காப்பாற்றும் வீரராக அவர் நின்றபோது நான் எழுந்து கைதட்டினேன். பாத்திரத்தை விமர்சிப்பவரிடம் வாதாடலாம். நடிகரைத் திட்டுபவரிடம் வாதாட வேண்டாம், பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

பேச்சு முன்கதைப் படங்களோடு நிற்காது. 1983இல் வந்த படத்தில் காட்டில் வாழும் ஈவோக்குகளைப் பற்றியும் கேட்பார்கள்: கரடிப் பொம்மைகள் கல்லையும் மரக்கட்டையையும் வைத்து ஒரு பேரரசின் படையை எப்படித் தோற்கடிக்கும்? வியட்நாம் போரை மனத்தில் வைத்தே அவர்களை உருவாக்கியதாக லூகாஸ் சொல்லியிருக்கிறார். நமக்கு வியட்நாம் வரை போக வேண்டியதில்லை. அசைக்க முடியாத கோட்டை என்று பிரிட்டிஷார் பெருமை பேசிய இந்தத் தீவு 15 பிப்ரவரி 1942இல் விழுந்தது. மலாயா நெடுகிலும் சைக்கிளில் இறங்கிவந்த, எண்ணிக்கையில் குறைந்த ஒரு படையிடம், புக்கிட் தீமாவில் ஃபோர்டு தொழிற்சாலையில் உட்கார்ந்து சரணடைந்தார்கள். வந்தவர்கள் ஈவோக்குகளைப் போன்ற நல்லவர்கள் என்று நான் சொல்லவில்லை. அடுத்த மூன்றரை ஆண்டுகள் இந்த மக்கள் பட்ட பாட்டை என் பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். நான் காட்டுவது தோற்றவர்களின் இறுமாப்பை. எதிரியை மதிக்காத பேரரசு எந்த ஆயுதத்தாலும் தோற்கும். ஈவோக்குகள் பொம்மைகளும் அல்ல: முதல் சந்திப்பிலேயே நாயகர்களைத் தீயில் வாட்டித் தின்னக் கட்டிப்போடுகிறார்கள். போரின் நடுவில் விழுந்த தோழனை ஓர் ஈவோக் தொட்டு எழுப்பிப் பார்த்து, எழாதபோது அருகில் சரிந்து படுக்கும் காட்சி இருக்கிறது. அதைப் பார்த்தபின் பொம்மை என்று சொல்ல வாய் எழாது.

2017 படத்தில் அனகினின் மகன் லூக் ஒரு தீவில் ஒளிந்துகொண்டது துரோகம் என்பவர்களிடம் ஒரே கேள்வி போதும். அவனுடைய ஆசிரியர்கள் இருவரும் தோல்விக்குப் பின் என்ன செய்தார்கள்? ஓபி-வான் பாலைவனத்திலும் யோடா சதுப்பு நிலத்திலும் ஒளிந்து வாழ்ந்தவர்கள்தாம்.

வாதத்தால் மட்டும் யாரும் மாறுவதில்லை, பார்க்கவைக்க வேண்டும். அதற்கு வரிசை முக்கியம். புதிதாகப் பார்ப்பவரை 1977, 1980 படங்களோடு தொடங்கவிடுங்கள். வேடர்தான் லூக்கின் தந்தை என்று தெரிந்த அதிர்ச்சியோடு அவர் இருக்கும்போது, 1999, 2002, 2005 படங்களைக் காட்டி அந்தத் தந்தை யார் என்று சொல்லுங்கள். அதன்பின் 1983 படத்துக்குத் திரும்புங்கள். இதே வரிசையைப் பரிந்துரைக்கும் சிலர் 1999 படத்தை மட்டும் தேவையில்லை என்று விட்டுவிடச் சொல்கிறார்கள். அதை ஏற்காதீர்கள். தாய் அதில்தான் இருக்கிறாள், வரியும் மண்டியிடும் அரசியும் அதில்தான் இருக்கிறார்கள். ஒரே நாளில் இரண்டு படங்களுக்கு மேல் வேண்டாம். வார இறுதி விடுப்பில் வரும் பையன்களாக இருந்தால் சனிக்கிழமை மாலையே தொடங்கிவிடுங்கள்; ஞாயிறு இரவு அவர்கள் முகாமுக்குத் திரும்ப வேண்டும்.